கேப்டனின் முடிச்சு

1983, கார்த்திகை 20. ஊரில்.

மனசு ஆறவில்லை. மெட்ராஸில் கடலில் ஓட்டும் பாய்மரப் படகுப் பந்தயக் குழுவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. முதல் நாள் பாய்க் கயிற்றை எங்கள் மலை வழக்கப்படி கட்டினேன். கேப்டன் எல்லார் எதிரிலும், "இது மாடு கட்டற முடிச்சுப்பா. என் படகுல வேணாம்" என்றார். அன்றிலிருந்து அவர் முடிச்சையே பழகினேன்.

லீவில் வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். இன்று காலை காளையை அந்த முடிச்சால் கட்டினேன். யாருக்குக் காட்டவோ தெரியவில்லை. காளை நாலு தரம் தலையை உதறியது. விறைப்பான புதுக் கயிறு, முடிச்சு தளர்ந்து அவிழ்ந்துவிட்டது. அறுப்புக்கு நின்ற சாமையில் ஒரு மூலையையே மேய்ந்து தீர்த்தது.

"இன்னா கொழுந்தனாரே, கடலுக்குப் போய் இத்தத்தான் கத்துக்கினு வந்தீங்களா?" என்றாள் அண்ணி. அண்ணன் குனிந்து, மிஞ்சிய கதிர்களைப் பொறுக்க ஆரம்பித்தான். அதுதான் இன்னும் எரிகிறது.

கேப்டனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே காளையைப் பிடித்து வந்தேன். எங்கள் முடிச்சைப் போடப் போனேன். மூன்று தரமும் கை அந்த ஆளின் முடிச்சையே போட்டது.

அண்ணன் வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டான்.