வலப்பக்கம் பை வைத்த சட்டை

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் மச்சான் எழுதுவது. நான் நலம். என் தங்கச்சியும் நலமாகத்தான் இருப்பாள். இல்லாவிட்டால் அவளே போன் போட்டு அரைமணி நேரம் சொல்லியிருப்பாள்.

முதலில் வெட்கக்கேடான ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் நம் ஊர் விளையாட்டு அரங்கத்தில் நடந்ததே ராக் கச்சேரி, அதற்கு நான் போனதாகத்தான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது பாட்டில் கிதார்க்காரனுக்குக் கம்பி அறுந்தது, அவன் சிரித்துக்கொண்டே மிச்சக் கம்பிகளில் வாசித்தது, மழை கொட்டியும் ஒருவரும் நகராதது, எல்லாவற்றையும் அளவெடுத்துக்கொண்டே சொல்வேன். கேட்கிறவன் மூச்சை இழுத்துப் பிடித்து நிற்பான். மார்பளவு இரண்டு அங்குலம் கூடிவிடும்.

உண்மை உனக்குத் தெரியும். உனக்குப் பொன்னுக்கு வீங்கி. உன்னிடம் இருந்த இரண்டு டிக்கெட்டில் ஒன்றை உன் பெரியப்பா மகன் கொண்டுவந்து தருவான் என்று சொல்லி அனுப்பினாய். நான் மூணாம் வாசலில் நாலு மணிக்கு நின்றேன். ஒன்பது மணிவரை நின்றேன். சுவர் அதிர்ந்தது, அதைத்தான் கேட்டேன். அந்தப் பெரியப்பா மகன் இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறான்.

போன வாரம் பேன்ட் தைக்க வந்த பல் டாக்டர் ஒரு பத்திரிகை கொண்டுவந்தார். பார்க்கத் தவறிய கச்சேரிகளை நினைத்து இன்னும் புலம்புகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்களாம். நியாயமாக அதில் என் போட்டோதான் வரவேண்டும். வந்திருந்தது அதே கச்சேரியில் மேடையிலிருந்து கூட்டத்தை எடுத்த ஒரு கலர் படம்.

"நீங்கதான் போனீங்களே, இதுல எங்க இருக்கீங்கன்னு காட்டுங்க பாப்போம்" என்றார்.

ஏதாவது ஒரு தலையைக் காட்டிவிடலாம் என்று வாங்கினேன். என் தலை மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை. உன் சட்டை கிடைத்தது.

நான் முதன்முதலில் முழுசாகத் தைத்த சட்டை. பையை வலப்பக்கம் வைத்துத் தொலைத்தேன். "விடு மச்சான், எனக்கு இடதுகைப் பழக்கம், இதுதான் வசதி" என்று வாங்கிப் போட்டுக்கொண்டாயே, அதே நீலக் கோடு. முகத்தை முன்னால் நிற்கிறவனுடைய கை மறைக்கிறது. சட்டைக்குள் யார் என்று மட்டும் சொல்.

போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்பாய். அதனால்தான் கடிதம். எட்டாவது தாண்டாத கை; பிழை இருந்தால் நீயே தைத்துக்கொள். தங்கச்சியிடம் இதைச் சொல்லாதே.

இப்படிக்கு,
ஊசி


மார்ச் 11

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கண்டு சிரித்தேன். கரண்ட் மீட்டர் பார்க்கிற வேலையில் வெயில் ஏறிவிட்டது, அதனால் பதில் தாமதம்.

அச்சகத்தில் படத்தைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். திருப்பினால் இடப்பக்கப் பை வலப்பக்கமாகத் தெரியும். நீலக்கோடு போட்ட சட்டை ஊரில் ஆயிரம் பேரிடம் இருந்தது. நான் கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தது உனக்குத் தெரியாதா?

இதையெல்லாம் இத்தனை வருஷம் கழித்துத் தோண்டாதே. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் உன் கண் கெட்டுவிடும் என்று உன் தங்கச்சியும் சொல்கிறாள்.

அன்புடன்,
மீட்டர்


மார்ச் 17

மாப்பிள்ளைக்கு,

தங்கச்சியிடம் சொல்லாதே என்று எழுதினேன். அவள் என் கண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறாள். இருக்கட்டும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

படத்தைத் திருப்பிவிட்டார்கள் என்று ஒரு தையல்காரனிடம் சொல்கிறாய். ஆம்பளைச் சட்டையில் இடப்பக்கம் மேலே வந்து பொத்தானை மூடும். படத்தைத் திருப்பினால் அதுவும் மாறித் தெரிய வேண்டும். லென்ஸ் வைத்துப் பதினோரு சட்டை பார்த்தேன். பதினொன்றும் ஒழுங்காக மூடியிருக்கிறது. உன் சட்டை உள்பட. பை மட்டும்தான் வலப்பக்கம். இந்தத் தப்பைச் செய்தவன் ஊரில் நான் ஒருத்தன்.

அடுத்தது கம்பி. கம்பி அறுந்த கதையை எனக்குச் சொன்னது நீதான். பேப்பரில் போட்டிருந்தது என்றாய். பல் டாக்டரும் அன்றைக்குப் போனவர்தானாம், பின்னால் நின்றிருக்கிறார். "கம்பி அறுந்ததே எனக்கு நீங்க சொல்லித்தான் தெரியும், முன்னாடி நின்னவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்" என்கிறார். பொன்னுக்கு வீங்கிப் படுத்தவன் முன்வரிசையில் படுத்திருந்தாயா?

கன்னத்தில் கட்டிய துணியை நான் என் கண்ணால் பார்க்கவில்லை. சேதி கொண்டுவந்தது யார் என்று நேற்றுதான் யோசித்தேன். "அண்ணா, உன் பிரண்டுக்குக் கன்னம் பூசணிக்கா மாதிரி வீங்கிருக்காம், கிட்டப் போயிடாத, ஒட்டிக்கும்" என்றாள் தங்கச்சி. சொல்லிவிட்டு டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போனாள். ராத்திரி நனைந்து வந்தாள். ஸ்பெஷல் கிளாஸ் என்றாள். எந்தக் கிளாசில் கூரை இல்லை?

லென்சைக் கொஞ்சம் நகர்த்தினேன். படத்தில் உன் கையை இன்னொரு கை பிடித்திருக்கிறது. பச்சைக் கட்டம் போட்ட மேல்சட்டை, கை ஓரத்தில் மஞ்சள் லேஸ். ஜன்னல் திரைக்கு வாங்கின துணியில் மிச்சத்தை வைத்து நான்தான் தைத்தேன். உலகத்தில் அந்தத் துணியில் ஒரே ஒரு மேல்சட்டைதான் உண்டு. பாக்கியெல்லாம் எங்கள் வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது.

கச்சேரி போனால் போகிறது. உங்கள் கல்யாணத்தை நான்தான் முடித்துவைத்தேன் என்று முப்பது வருஷமாகப் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் அப்பாவிடம் ஒரு மாசம் மன்றாடினேன். உன்னிடம் வந்து கேட்டபோது நீ தலையைச் சொறிந்துகொண்டு, "யோசிச்சுச் சொல்றேன் மச்சான், மூணு நாள் டைம் குடு" என்றாய். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ எதை யோசித்தாய்?

நேரான பதில் வரும்வரை உன் போனை எடுக்க மாட்டேன். அவள் போனையும்தான்.

ஊசி


ஏப்ரல் 20

அன்புள்ள மச்சானுக்கு,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

சட்டைக்குள் நான்தான். கையும் அவளுடையதுதான். அவளுக்குக் கொடுத்தது உன் டிக்கெட். பெரியப்பா மகனுக்கு இது எதுவுமே தெரியாது, அவனைத் திட்டாதே. மூன்று நாள் டைம் கேட்டது, உடனே சரியென்றால் உனக்குச் சந்தேகம் வருமே என்றுதான். அவள் சொல்லிக்கொடுத்தது.

கல்யாணத்தை முடித்தது நீதான். அதில் சந்தேகம் வேண்டாம். நீ மன்றாடாவிட்டால் உன் அப்பா என்னைப் படியேற விட்டிருக்க மாட்டார்.

இன்னொன்றையும் எழுதச் சொல்கிறாள். நீ மெஷினை மிதித்துக்கொண்டு போட்ட கேசட்டெல்லாம் உள்ளே அவளும்தான் கேட்டாள். எல்லாப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம். நீயும் நானும் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிவந்த அன்று வாசல்வரை வந்து நின்றாளாம். நீயும் வருகிறாயா என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

கம்பி அறுந்தபோது அழுதாள். "அண்ணன் பாக்கலையே" என்றாள். திரும்பி வருகிற வழியெல்லாம் என்ன என்ன நடந்தது என்று என்னை ஒப்பிக்க வைத்தாள். "ஒண்ணு விடாம எங்க அண்ணன்கிட்டச் சொல்லிடுங்க, பேப்பர்ல படிச்சேன்னு சொல்லிடுங்க." கம்பியை நான் கவனிக்கவே இல்லை, மச்சான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கடையில் சொல்வது அவள் பார்த்த கச்சேரி.

அன்றைக்கு மேடையில் வாசித்த நாலு பேரில் மூன்று பேர்தான் இப்போது மிச்சம். ஜூன் பதினாலாம் தேதி அதே அரங்கத்தில் கடைசியாக வாசிக்கிறார்களாம். இங்கே கவுண்டரில் மெஷின் கக்குகிற சீட்டைத்தான் தருகிறார்கள். மூன்று வாங்கினேன். உன்னுடையதை இதில் வைத்திருக்கிறேன். பெரியப்பா மகன் கையில் கொடுக்கவில்லை.

தவறுதான். வேறென்ன எழுத.

மீட்டர்

(கீழே அவள் கை: அண்ணா, போன எடு.)


ஜூன் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஏழு வாரம் பதில் போடவில்லை. கோபம் இரண்டு வாரம்தான். மிச்சம் கல்யாண சீசன், கையில் முப்பது உருப்படி.

சீட்டு வந்து சேர்ந்தது. நிஜச் சீட்டுதானா என்று பல் டாக்டரிடம் காட்டினேன். உன்னிடம் பழகியவன் காட்டத்தான் வேண்டும். நிஜம்தான் என்றார். "ரெண்டாவது தடவையா போறீங்களா?" என்று கேட்டார். முதல் தடவை என்று சொல்லிவிட்டேன். சீட்டை என் கையில் திருப்பித் தந்தார். பிறகு, "அப்ப கம்பி அறுந்தது?" என்றார். "அது என் தங்கச்சி பாத்தது" என்றேன்.

நேற்று அவளுக்கு நானே போன் போட்டேன். அளவு கேட்கத்தான் போட்டேன். அரைமணி நேரம் சொன்னாள்.

மூன்று பேருக்கும் தைத்தாகிவிட்டது. உனக்கு நீலக்கோடு, வலப்பக்கம் பை. எனக்கும் அதே, வலப்பக்கமே. பின்னால் எவனாவது படம் எடுத்துப் போட்டால் தேட வசதி. தங்கச்சிக்குப் பச்சைக் கட்டம். துணிக்கடைக்காரர் "அண்ணே, இது திரைத்துணி" என்றார். தெரியும் என்றேன்.

பதினாலாம் தேதி நாலு மணிக்கு மூணாம் வாசலில் நிற்பேன். எனக்குப் பழக்கமான இடம். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே வாருங்கள், இனி தனித்தனியாக வந்து பயனில்லை.

ஒரு சின்ன விஷயம். சீட்டு தொலையக் கூடாதென்று என் புதுச் சட்டைப் பையில் வைத்து, பை வாயில் ஒரு தையலும் போட்டேன். இன்று காலை அந்தச் சட்டையை இஸ்திரி போட்டேன். சீட்டு சூடு பட்டால் கறுக்கிற காகிதமாம், பல் டாக்டர் பிறகு சொன்னார். தையலைப் பிரித்துப் பார்த்தேன். முழுக்கக் கறுத்திருக்கிறது, ஓர் எழுத்தும் தெரியவில்லை. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

இப்படிக்கு,
ஊசி