ஹானின் இரண்டு வயது

3 நவம்பர் 1993
எழுதும்படி எனக்கு ஒன்றும் நடப்பதில்லை. நல்ல நோட்டை வீணாக்குவதற்கு மன்னிப்பு.

எங்கள் கிளப்பின் கொரிய ஆட்டக்காரர் மிஸ்டர் ஹான் இன்று என் மேசைக்கு வந்தார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி ஏன் கால்பந்து கிளப்பில் டைப் அடிக்கிறாள் என்று கேட்டார். வேலை கிடைத்தது, வந்தேன் என்றேன். "நானும் அப்படித்தான்," என்றார். சியோல், ஜெர்மனி, ஹாங்காங், பேங்காக், இப்போது மலேசியாவில் கிள்ளான்.

9 நவம்பர்
மழை. பயிற்சி இல்லை.

12 நவம்பர்
பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு. மேனேஜர் நாகையா பேச்சுவாக்கில் ஹானிடம் வயது கேட்டார். "முப்பத்தைந்து" என்றார். பாஸ்போர்ட்டில் முப்பத்து மூன்று.

வெளியே வந்ததும் நாகையா, "பாத்தியாம்மா, ரெண்டு வயச மறைச்சிட்டான். அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் கிடையாது லா," என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஏமாற்றுகிறவர் தன் வாயாலேயே சொல்வாரா?

15 நவம்பர்
ஹானிடமே கேட்டுவிட்டேன். சிரித்தார். கொரியாவில் பிறந்த அன்றே ஒரு வயதாம். அப்புறம் புத்தாண்டுக்குப் புத்தாண்டு எல்லாருக்கும் ஒன்று கூடும். இவர் பிறந்தது டிசம்பர் கடைசி. ஒரு வாரக் குழந்தைக்கு இரண்டு வயது! சோறு சாப்பிடும்போது யாராவது கேட்டால் வீட்டு வயதுதான் வாயில் வருமாம்.

நாகையாவின் முடிவு அவருக்குத் தெரியாது. நான்தான் பேசணும். நானா?

16 நவம்பர்
நாளைக்கு.

17 நவம்பர்
நாகையாவின் அறைக்குப் போனேன். "சார், எங்கம்மாகிட்ட என் வயசு கேட்டா, இருவத்தி நாலு நடக்குதுன்னு சொல்லும். எனக்கு இருவத்தி மூணுதான். அம்மா பொய்யா சொல்லுது?" பிறகு கொரியக் கணக்கைச் சொன்னேன்.

நாகையா விரல்விட்டு எண்ணினார். "அப்ப அங்க போனா எனக்கு அறுபது ஆயிடும். நான் போகல சாமி. நீ கான்ட்ராக்ட டைப் பண்ணு."

இவ்வளவு நீளமாக நான் ஆபீசில் பேசியதே இல்லை.

26 நவம்பர்
ஹான் கையெழுத்துப் போட்டார். இன்னும் ஒரு வருடம் கிள்ளான்தான். நாகையா நடந்ததைச் சொல்லியிருப்பார் போல — நன்றிக்கு என்ன வேண்டும், ஜெர்சியா என்று என்னிடம் கேட்டார் ஹான். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓர் ஆசை உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. திடலில் அப்போது ஒருவரும் இல்லை. புல்லில் இறங்கிச் செருப்பைக் கழற்றினேன்.

"மிஸ்டர் ஹான், கொஞ்சம் கோல்ல நிக்கிறீங்களா? நான் ஒரு தடவ பந்த உதைச்சுப் பாக்கணும்."