ஒலி இல்லாமல் பார்த்த படம்

ஜூன் 3, செவ்வாய்

நூலகத்தில் சனிக்கிழமை குழந்தைகளுக்குப் போடும் படம் இந்த முறை என் விருப்பம். சின்ன வயதில் நானும் தம்பியும் கேசட் தேயும்வரை பார்த்த பழைய குங்ஃபூ நகைச்சுவைப் படம். கதாநாயகன் வாளியையும் துடைப்பத்தையும் வைத்தே பத்துப் பேரைப் பந்தாடுவான். மேலாளருக்குச் சந்தேகம். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒத்துவருமாம்மா? மொத்தமும் அடிதடியாச்சே." பார்த்துவிட்டுப் படிவத்தில் எழுதித் தருகிறேன் என்றேன். மனதுக்குள் 'பொருந்தும்' என்று எழுதியாகிவிட்டது.

ஜூன் 4, புதன்

எங்கள் நூலக வழக்கப்படி இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதலில் ஒலியோடு, பிறகு ஒலியை அணைத்துவிட்டு. 'டிஷ்யூம்' போனால்தான் அடி எவ்வளவு என்று தெரியும்.

காலையில் வயிறு வலிக்கச் சிரித்தேன். மதியம் ஒலி இல்லாமல். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கதாநாயகனின் நண்பன், அந்தத் திக்கிப் பேசும் சமையல்காரன் — வாய் திறந்தபடி நிற்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, சுற்றிலும் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த முகம். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்த முகம்.

தந்தி அடிப்பதுபோல் விட்டுவிட்டுப் பேசுவதால் படத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் 'தந்தி'. அதைத் தூக்கித் தம்பிக்கு வைத்தது யார்? நான்தான். இன்றைக்கும் வீட்டில் எல்லோருக்கும் அவன் தந்திதான்.

ஜூன் 5, வியாழன்

தம்பி மகளுக்கு ஏழு வயது. போன மாதத்திலிருந்து அவளுக்கும் பேச்சு தடுக்குகிறது. சனிக்கிழமை முன்வரிசையில் உட்காருவாள். மற்ற பிள்ளைகள் சிரித்தால்?

'பொருந்தாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறு படம், முயல் பள்ளிக்கூடம் போகிற கதை. மனசு லேசாகிவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

லேசாவது ஒன்றாவது.

தம்பி வேலை பார்க்கும் லாரிப் பட்டறைக்கே போய், அந்தப் படத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டே, "எ... எ..." என்று ஆரம்பித்தான்.

"எடுத்தது நல்லதுங்கிறியா?" என்றேன். எப்போதும் போல நானே முடித்து வைத்தேன்.

தலையாட்டி மறுத்தான். "எ... என்னைக் கேட்டியாக்கா?"

கேட்கவில்லை.

"அந்தச் ச... சமையல்காரன் கடைசியில தனியா நின்னு நாலு பேரை அடிப்பான். அதுக்குத்தான் அத்தனை தடவை பார்த்தேன். எம் பொண்ணும் பார்க்கட்டும்னு இருந்தேன். ப... படம் என்னைத் தந்தின்னு கூப்பிடலக்கா. நீங்க எல்லாரும்தான் கூப்பிட்டீங்க."

முகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. செஞ்சதெல்லாம் நான். பழியைத் தூக்கி ஒரு படத்து மேல போட்டுட்டு, அவன்கிட்டயே நல்ல பேர் வாங்கப் போயிருக்கேன். வெட்கமா இருக்கு.

ஜூன் 7, சனி

முயல் படம் ஓடியது. பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

மதியம் தம்பி வீட்டில் அந்தப் படம். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் போனேன். திக்கும் காட்சி வந்ததும் நான் அவன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. "எ... எப்பப்பா அடிப்பாரு?" என்று மட்டும் கேட்டாள். அடித்தபோது சோபாவில் ஏறி நின்று கை தட்டினாள்.

நாளை மேலாளர் திட்டினாலும் படிவத்தை மாற்றி எழுத வேண்டும்: பிள்ளைகளுக்குப் பொருந்தும். கூட வரும் பெரியவர்களைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். தம்பி ஏதோ சொல்ல வந்தான். "போ... போ..." என்று நின்றுவிட்டது. 'போயிட்டு வா' என்கிறான், வேறென்ன? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"போ... போகாதக்கா. இன்னும் கொஞ்ச நேரம் இரு."