மகாராணி சுகமாக இருக்கிறா

மாமி,

இன்று காலை, நாங்கள் வழக்கமாகக் கருவேப்பிலை வாங்கும் கிரெய்கிபர்ன் கடையில் மிச்சக் காசோடு ஒரு டொலர் நாணயம் தந்தார்கள். புத்தம் புதுசு, மகாராணியின் மகனுடைய முகம் போட்டது. தாய் வலப்பக்கம் பார்த்தா, மகன் இடப்பக்கம் பார்க்கிறார். கண்ட உடனே அதைச் சட்டைப் பைக்குள் ஒளித்துவிட்டேன். நீங்களே இல்லாத வீட்டில் இனி யாருக்கு ஒளிப்பது என்று காருக்குள் ஏறிய பிறகுதான் உறைத்தது.

அந்த அரண்மனைக் குடும்பம் உங்களுக்குப் பக்கத்து வளவுச் சனம் மாதிரி. எந்த மருமகள் யாரோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, எந்தப் பேரன் கோபித்துக்கொண்டு கடல் தாண்டிப் போனான், எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. எனக்குப் பின்னேர ஷிப்ட். சுகந்தி காலையிலேயே வேலைக்குப் போய்விடுவாள். பகலில் மாமியும் மருமகனும்தான் மிச்சம். தேத்தண்ணீர் நேரம் வந்தால் நான் வேண்டுமென்றே கிண்டத் தொடங்குவேன்.

"வெள்ளைக்காரன் எங்களை மாட்டிவிட்டுப் போட்டுப் போனவன், மாமி. நீங்கள் அவன்ரை ராணிக்கு வக்காலத்து வாங்கிறியள்."

"அது வேறை கதை, தம்பி. நான் கதைக்கிறது ஒரு தாயைப் பற்றி. நாலு பிள்ளையளிலை மூண்டின்ரை கலியாணம் குழம்பிப் போச்சு. எண்டாலும் பாருங்கோ, தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டு வந்து கை காட்டுறா."

மகாராணியின் கணவர் காலமான செய்தி டிவியில் வந்ததும் நீங்கள் எழுந்து குளியலறைக்குப் போனீர்கள். தலை ஈரத்தோடு வந்த உங்களிடம், "அரண்மனைக்காரருக்கும் எங்களுக்கும் துடக்கோ, மாமி?" என்று கேட்டுச் சிரித்தேன். "இவ்வளவு காலம் பழகின முகம். செத்தவீடு எண்டு காதிலை விழுந்தால் முழுகத்தானே வேணும்" என்றீர்கள். அன்று மத்தியானம் வீட்டில் மரக்கறிதான். எனக்கு வாங்கி வைத்திருந்த மீன் பிரிட்ஜிலேயே கிடந்தது.

உங்கள் அக்காவின் கதையைச் சொன்னதும் அன்றுதான். நீங்கள் மெல்பேர்ன் வந்த புதுசு. பருத்தித்துறையில் அக்கா போய்விட்டா. புது ஊரில் தனித்துத் துடிப்பா என்று சொந்தம் எல்லாம் சேர்ந்து உங்களுக்கு மறைத்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு, யாரோ வாய் தவறி போனில் சொன்னபோதுதான் உங்களுக்குத் தெரிந்தது.

"சொல்லாமல் விட்டால் செத்தவ எழும்பி வந்திடுவாவோ? எனக்கு அழ ஒரு நாள் இருந்தது, தம்பி. அதையும் எடுத்துப் போட்டினம்."

அப்போது நான் வீராப்பாகச் சொன்னேன்: "உங்களுக்கு நான் ஒரு நாளும் ஒண்டையும் மறைக்கமாட்டன், மாமி." நீங்கள் தலையை ஆட்டினீர்கள், நம்பினீர்கள்.

பிறகு உங்களுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன். முடிந்து இன்னும் கட்டிலை விட்டு இறங்கவில்லை, மகாராணி போய்விட்டா. ஊர் உலகம் எல்லாம் அதே செய்தி. டொக்டர் அதிர்ச்சி ஒன்றும் கொடுக்கக்கூடாது என்றதும் சுகந்தி பயந்துவிட்டாள். "இப்ப வேண்டாம், அம்மா வீட்டை வரட்டும்" என்றாள். நானும் ஓம் என்றேன். வீட்டுக்கு வந்தீர்கள். நடக்கட்டும் என்றோம். நடந்தீர்கள். தீபாவளி கழியட்டும் என்றோம். எங்கள் ஆட்களுக்குச் சாவை மறைக்க நல்ல காரணம் கிடைக்காமல் போனதே இல்லை. சொல்லுவதற்குத்தான் நல்ல நாள் கிடைப்பதில்லை.

டிவி பழுது என்றேன். வந்து போகும் ஆட்களுக்கெல்லாம் வாசலிலேயே வைத்து, மகாராணி கதை எடுக்கவேண்டாம் என்று சொல்லி உள்ளே அனுப்பினேன். புது நாணயங்கள் வரத் தொடங்கியதும், அடுத்த மாநிலத்து ஹெலன்ஸ்பர்க் கோயில் உண்டியலுக்கென்று நீங்கள் சேர்க்கும் போத்தலுக்குள் மகனுடைய முகம் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

"மகாராணி எப்பிடி, தம்பி?" என்று தேத்தண்ணீரோடு கேட்பீர்கள். "சுகமாக இருக்கிறா" என்பேன். முதலில் அதோடு நிறுத்தினேன். பிறகு எனக்கு ருசி பிடித்துவிட்டது. முழங்கால் நோவாம், தடியோடு நடக்கிறாவாம், குதிரை பார்க்கப் போனாவாம் என்று இல்லாததும் பொல்லாததும் அவிழ்த்துவிட்டேன். "அவ நடக்கிறா எண்டால் எனக்கென்ன?" என்று நீங்களும் வோக்கரைத் தள்ளிக்கொண்டு முற்றம் மட்டும் போய் வருவீர்கள். அதைக் காட்டி என் மனச்சாட்சியின் வாயை அடைத்தேன். நல்லதுக்குத்தானே என்றேன். மெய்யைச் சொன்னால், எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, மாமி. அதை நினைக்கத்தான் இப்போது கூசுகிறது.

ஒரு நாள் கடைக்குப் போய் வந்தால் நீங்கள் தலை முழுகிவிட்டு ஹீட்டருக்கு முன்னால் இருந்தீர்கள். நல்ல குளிர் காலம். "இந்தக் குளிருக்குள்ளை என்ன முழுக்கு? சளி பிடிச்சால் ஆர் பார்க்கிறது?" என்று ஏசினேன்.

"மனம் கேட்டுது, தம்பி" என்றீர்கள்.

நான் இல்லாத நேரம் பின் வீட்டு அன்ரி வந்து கதைத்துவிட்டுப் போனதாகப் பிறகு தெரிந்தது. அதுவும் அப்போது ஒரு விஷயமாகப் படவில்லை. அடுத்த நாள் தேத்தண்ணீர் நேரம் வழக்கம் போலக் கேட்டீர்கள்: "மகாராணி எப்பிடி?" நானும் வழக்கம் போல அவிழ்த்துவிட்டேன்.

நீங்கள் போன அன்று, செத்தவீட்டுக்கு வந்தவர்கள் இன்னும் இருக்கும்போதே சுகந்தி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். பருத்தித்துறையில் உங்கள் தம்பிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருக்கிறது, இந்தச் செய்தியைத் தாங்கமாட்டார், மறைப்போம் என்று அங்கே அவருடைய மகள் சொல்லிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் உங்களை அழைப்பாரே, அந்த அழைப்பை யார் எடுப்பது என்பதுதான் கேள்வி.

"நீங்கள் எடுங்கோ. உங்களுக்குத்தான் வடிவாச் சொல்ல வரும்" என்றாள். அவள் குத்திச் சொல்லவில்லை. எனக்குக் குத்தியது. ஆனாலும் எடுத்தேன்.

அன்றிலிருந்து ஞாயிறு தோறும் நான்தான். "அக்கா எப்பிடி, தம்பி?" என்பார். மாமி நித்திரை. மாமி கோயிலுக்கு. மாமி வோக்கர் இல்லாமல் நடக்கிறா. உங்களையும் மகாராணி ஆக்கிவிட்டேன்.

இன்றும் ஞாயிறு. பின்னேரம் போன் அடித்தது. அந்த நாணயம் சட்டைப் பைக்குள்ளேயே கிடந்தது. சுகந்தி கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். "அக்கா எப்பிடி, தம்பி?" என்று அதே குழறின குரல்.

"அக்கா இல்லை" என்றேன். "போட்டா. போய் மூண்டு மாசம். நான்தான் உங்களுக்கு மறைச்சனான்."

சுகந்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அங்கே அவர் விழுந்துவிட்டாரோ என்று போனைக் காதோடு அழுத்தினேன். பிறகு மூச்சு இழுப்பது கேட்டது. என்னை ஏசவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை.

"சரி, தம்பி. போனை வையுங்கோ. மகளைக் கூப்பிடவேணும். நான் முழுகவேணும்."

போனை வைத்த பிறகுதான், மாமி, அந்தக் குளிர் காலத்தில் ஹீட்டருக்கு முன்னால் இருந்த உங்கள் ஈரத் தலை எனக்கு விளங்கியது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தனியே முழுகி, தனியே அழுது முடித்திருக்கிறீர்கள். அதன் பிறகும் நாள் தவறாமல் என்னிடம் மகாராணியின் சுகம் கேட்டிருக்கிறீர்கள். நான் சொன்ன பொய்யை வைத்துக்கொண்டு நான் முழிக்கக்கூடாது என்று, கடைசி மட்டும் கேட்டீர்கள்.

உங்கள் அழும் நாளை இரண்டாம் முறை எடுத்தவன் நான். உங்கள் தம்பிக்கு அவருடையதைப் பிந்தியாவது கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன், ஆறுதல் வரவில்லை. நாணயத்தை உங்கள் உண்டியல் போத்தலுக்குள் போட்டேன். இனி இந்த வீட்டில் அது ஒளிய வேண்டியதில்லை.

தேத்தண்ணீர் நேரம் ஆகிவிட்டது. கேள்வி கேட்க ஆள் இல்லை. இந்த முறை நான் மெய்யைச் சொல்லியிருப்பேன், மாமி.