மதுரையில் ஆயில் மாற்றியது

ஆகஸ்ட் 6, புதன்

விடிந்ததிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட சேலை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். மேலே போடிமெட்டில் சாரல் என்று தங்கராசு போன் செய்தான், எங்கள் ஏலத்தோட்டத்து ஜீப் ஓட்டுகிறவன். ஆட்கள் வந்துவிட்டார்கள். நாளை முதல் காய் எடுப்பு.

செய்ய வேண்டியவை: மோட்டார் ஃபியூஸ். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகு. ஜொகராவின் இட்லிச் சட்டியைத் திருப்பித் தருவது. கார்.

கார் ஆயிரம் கி.மீ. தாண்டிவிட்டது. பாதிக்கு மேல் போடிமெட்டு ஏற்றம். முதல் கியர், இரண்டாவது, வளைவு, மறுபடி முதல் கியர். புது இஞ்சின் இப்படிப் பழகும்போது உள்ளே உரசித் தூள் விடும். அந்த ஆயிலைப் பத்தாயிரம் வரை வைத்துக்கொள்ளச் சொல்கிறது வண்டியோடு கொடுத்த புத்தகம். என்னால் முடியாது. ஜீப்புக்கு இஞ்சின் வேலை பார்த்த ஒவ்வொரு முறையும் முதல் ஆயிலை ஆயிரத்தில் இறக்கியிருக்கிறேன். யாரும் சொல்லித்தந்ததல்ல. ஓட்டக் கற்றதே தோட்டத்துப் பாதையில் நானாக.

தங்கராசுவிடம் சொன்னேன். சிரித்தான்.

"ஜீப்புன்னா சரி ஆத்தா. இது கம்ப்யூட்டர் வண்டி. மாத்தணும்னா அதுவே சொல்லும்."

"அது சொல்றப்ப சொல்லட்டும். இப்ப நான் சொல்றேன்."

வண்டி வாங்கியது மதுரையில், முதல் சர்வீஸும் அங்கேதான். போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். வெள்ளிக்கிழமை கொண்டுவரலாம், சும்மா பார்த்துத் தருவார்கள், ஆயில் மாற்றுவது இப்போது கிடையாது. காசு கொடுக்கிறேன், மாற்றுங்கள் என்றேன். கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

எனக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து என் மகன் பிரபு பேசினான்.

"அம்மா, சர்வீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க. ஆயில் மாத்தச் சொன்னியாமே. வேண்டாம்னுட்டேன்."

"என் வண்டிக்கு உன்னை எதுக்குக் கூப்பிடுறாங்க?"

"என் நம்பர்தானே குடுத்திருக்கு."

அப்படியா. வாங்கிய அன்று பக்கத்தில் உட்கார்ந்து தன் நம்பரைக் கொடுத்திருக்கிறான். எனக்குத் தொந்தரவு வேண்டாமாம்.

அதோடு விடவில்லை. இந்த வயதில் மெட்டு ரோட்டில் ஓட்டுவது சரியில்லை. வண்டி கோயம்புத்தூரில் நிற்கட்டும். "உனக்கு வேணும்னா சொல்லு, நான் கொண்டாறேன்."

போடியில் ஓட்ட வாங்கிய வண்டி. என் காய் விற்று, என் பேரில் வாங்கியது. அது கோயம்புத்தூரில் நிற்க, நான் ஜன்னலோரம் காத்திருக்க வேண்டுமாம்.

கஞ்சி குடித்தேன். உப்பு அதிகம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காய் எடுப்பு தொடங்கியது. காரில் மேலே போய்ப் பார்த்துவிட்டு மதியமே இறங்கினேன். செடியடியில் ஈரம், அட்டை இரண்டு. காய் திரட்சி. தண்டு துளைப்பான் பூச்சி இந்த முறை குறைவு. நல்ல செய்தியை எழுதிவைக்கிறேன்.

இறக்கத்தில் ஒன்பதாவது வளைவில் ஒரு ஜீப், கூரை வரை ஆள். பின்னால் தொங்கியவன், "சேச்சி, சைடு" என்று கத்தினான். கொடுத்தேன். கேட்டால் கொடுப்பேன்.

ஜொகரா வந்தாள். ஏல மையத்துக்குப் பக்கத்தில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர் அவள் வீட்டுக்காரர். அடுத்த தெருவில் வீடு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சினேகிதம். நாளை மதுரைக்கு நானே ஓட்டிப்போகிறேன் என்றதும் வாயில் கை வைத்தாள்.

"மதுரைக்கா? தேனியத் தாண்டி நீ ஓட்டுனதே இல்லியே அக்கா."

"நாளைக்குத் தாண்டுவேன்."

"பஸ்சுல போயிரலாம்ல?"

"காரை வீட்ல விட்டுட்டுப் பஸ்சுல போயி யாருக்குடி ஆயில் மாத்துறது?"

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவளுக்கு. பிறகு தானும் வருவதாகச் சொன்னாள். மதுரையில் தங்கச்சி வீடு இருக்கிறது, அதைச் சாக்கு வைத்து. "அவருக்கு வெரசா சோறாக்கி வச்சிட்டு வந்துர்றேன். வழியில நான் கண்ண மூடிக்கிட்டா தப்பா நெனைக்காதே."

எடுத்துவைத்தவை: ஆர்.சி., லைசென்ஸ், பிரஷர் மாத்திரை, மோர், துண்டு. கழுவிய கேன் ஒன்று. இறக்கிய ஆயிலை வாங்கிவந்து ஸ்டோர் மரத்தூண்களுக்குப் பூசலாம், கரையான் அண்டாது.

பிரபு இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறான். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போனேன். வந்தேன். நடந்தது நடந்தபடி.

காலை வெயிலே இல்லை. ஆண்டிபட்டி கணவாயில் காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து லாரிக்குப் பின்னாலேயே போனேன். ஜொகரா உதடு அசைய ஓதிக்கொண்டு வந்தாள். உசிலம்பட்டியில் டீ, வடை. அங்கேதான் கண்ணைத் திறந்தாள்.

மதுரைக்குள் நுழைந்ததும் நெரிசல். காளவாசல் சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் உள்ளே இருந்தவர்களிடம், "அங்க பாரு, பாட்டி ஓட்டுது" என்றார். பச்சை விழுந்ததும் அவர் ஆட்டோ அணைந்துவிட்டது. நான் போய்விட்டேன்.

சர்வீஸ் வாசலில் நீலச்சட்டை போட்ட ஓர் ஆள்.

"வாங்கம்மா. சார் வரலையா?"

"எந்தச் சாரு?"

"பிரபு சார். ஓனர்."

"ஓனர் நான். பேரைப் பாருங்க."

கையிலிருந்த கம்ப்யூட்டர் பலகையில் விரலால் தேய்த்துப் பார்த்தார். "காமாட்சி... ஆமா மேடம். ஆனா நம்பர் அவரோடது. என்ன வேலை பாத்தாலும் அவரு ஓகே குடுக்கணும். ஆயில் வேண்டாம்னுட்டாரு."

"வண்டி யாரு பேர்ல?"

"உங்க பேர்லதான்."

"காசு யாரு குடுக்கிறா?"

"நீங்கதான் மேடம். அதுக்கில்ல. உள்ள இருக்கிறது நல்ல ஆயில். இப்ப இறக்குனா வீண்."

"வீணாப் போகட்டும். இறக்குங்க."

அவர் பிரபுவுக்கே போன் போட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. உள்ளிருந்து "அம்மா, அம்மா" என்று சத்தம். "அவன்கிட்டப் பேசுறதை நான் வீட்ல பேசிக்கிறேன். வண்டியப் பத்தி என்கிட்டப் பேசுங்க" என்றேன். அப்படியெல்லாம் முடியாது, சிஸ்டம் விடாது என்றார்.

வண்டி சர்வீஸ் வாசலின் நடுவில் நின்றது. திரும்பிப் போய் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சாவி என் கையில். ஏலத்தில் விலை படியாதபோது, தரவில்லை என்று ஒரே சொல் சொல்லிவிட்டு நாற்காலியில் அசையாமல் இருப்பது எனக்குப் பழக்கம். வியாபாரிகள் என்னைப் பற்றிப் பேசும் பேச்சும் தெரியும். அதே உட்காரல்தான், இங்கே ஏ.சி. வேறு.

பின்னால் இரண்டு வண்டி, மூன்று, அப்புறம் எண்ணவில்லை. ஹாரன். நீலச்சட்டை கண்ணாடியைத் தட்டினார். கொஞ்சம் ஓரமாப் போடுங்க மேடம். ஓரமாகப் போட்டால் என்னை மறந்துவிடுவார்கள்.

ஜொகரா இறங்கிப் பின்னால் நின்றவர்களிடம் போனாள். காலையில் கண்ணை மூடிக்கொண்டு வந்தவள்தான்.

"கோவிச்சுக்காதீக. எங்க அக்கா அவுக வண்டிக்கு அவுக காசுல ஆயில் மாத்தச் சொல்றாக. மகன் கோயம்புத்தூர்ல இருந்து வேண்டாம்ங்கிறாராம். அம்புட்டுதேன் விசயம்."

முதல் காரில் இருந்தவர் டை கட்டியவர். அவசரம் முகத்தில் தெரிந்தது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். நேராக நீலச்சட்டையிடம் போனார்.

"அந்தம்மா காசு குடுக்கிறேங்குது. ஊத்தித் தொலைய வேண்டியதுதானேய்யா. நான் ஆபீசு போக வேணாமா?"

பிறகு மேனேஜர் வந்தார். பெண், ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. குனிந்து கேட்டார்.

"என்னம்மா பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்ணுமில்ல. ரெண்டு சோலி. மொதல்ல நம்பரை மாத்துங்க. அப்பறம் ஆயிலை மாத்துங்க. ஆயிலை மட்டும் மாத்திட்டு என்னை அனுப்பக் கூடாது."

என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "எங்க அம்மாவும் இப்படித்தான்" என்று நீலச்சட்டையிடம் சொன்னார். அது புகழ்ச்சியா என்று தெரியவில்லை. உள்ளே கூட்டிப்போனார். ஆதார் காட்டினேன். என் போனில் ஓர் எண் வந்தது, படித்துச் சொன்னேன். முடிந்தது. இவ்வளவுதான் அந்தச் சிஸ்டம்.

சாவியைக் கொடுத்தேன். வரிசை நகர்ந்தது. டை கட்டியவர் போகும்போது கையை ஆட்டினார்.

ஆயில் இறக்கும்போது மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க விட்டார்கள். நீலச்சட்டை வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் கொண்டுவந்தார்.

"பாருங்க மேடம். தூள் எதுவும் இருக்கா?"

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். விரலில் தேய்த்துப் பார்த்தேன். கொஞ்சம் கறுத்திருந்தது. தூள் இல்லை.

"இல்ல" என்றேன்.

"அப்பறம் என்ன மேடம்?"

"அப்பறம் என்ன, புதுசை ஊத்துங்க."

ஊற்றினார். புது ஆயில் தேன் நிறம். கேனை நீட்டினேன். பழைய ஆயிலை வெளியே தரக் கூடாதாம், சட்டமாம். வெகுநேரம் கேட்டும் மேனேஜர் மசியவில்லை. கேன் காலியாகத் திரும்பியது. இன்று தோற்றது அது ஒன்றில்தான், அதையும் எழுதிவைக்கிறேன்.

தங்கச்சி வீட்டில் பிரியாணி. ஜொகரா திரும்பும் வழியெல்லாம் தூங்கினாள். கணவாயில்கூட.

ஆகஸ்ட் 9, சனி

இடுப்பு வலி. தைலம். காற்று குறைந்திருக்கிறது.

தங்கராசு வீட்டுக்கே வந்து பானட்டைத் திறக்கச் சொன்னான். அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தான். "சத்தம் கொறஞ்சிருக்கு ஆத்தா" என்றான். குறையவில்லை. காது எனக்கும் இருக்கிறது. அவன் சொன்னதை மறுக்கவும் இல்லை.

மத்தியானம் பிரபு.

"என் நம்பரை எடுத்துட்டாங்கன்னு மெசேஜ் வருது. என்னம்மா இது? நாலு பேரு முன்னாடி என்னை என்னமோ மாதிரி ஆக்கிட்டே."

"நாலு பேரு முன்னாடி என்னை ஓனர் இல்லைன்னாங்க. அது எப்படி இருந்துச்சுன்னு கேட்டியா?"

பேச்சை மாற்றினான்.

"ஆயில்ல ஒண்ணுமே இல்லையாம்ல."

"இல்ல."

"அப்ப வீண்தானே?"

"வீண்தான். நான் பண்ணுன வீண். உன்கிட்டக் கேட்டுப் பண்ணலை."

வைத்துவிட்டான். அவன் அப்பாவைப் போலவே கோபம் வந்தால் மூச்சு மட்டும் கேட்கும்.

சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் நம்பரைத் திருப்பித் தரமாட்டேன். கோயம்புத்தூருக்கு வண்டியும் போகாது.

ஆகஸ்ட் 11, திங்கள்

முதல் எடுப்புக் காய் ஸ்டோரில் காய்கிறது. பச்சை நிறம் மாறாமல் நிற்கிறது. காரின் பின்சீட்டில் ஏலக்காய் வாசம் ஏறிவிட்டது, போகாது.

விறகு வந்தது. ஈர விறகு. திருப்பி அனுப்பினேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பிரபு. முதலில் இடுப்பைக் கேட்டான். தங்கராசு சொல்லியிருப்பான். பிறகு, வெள்ளிக்கிழமை சுதந்திர தின லீவு, பிள்ளைகளோடு வருகிறானாம். கார் பேச்சை எடுப்பான் என்று எதிர்பார்த்தேன், பதிலும் வைத்திருந்தேன்.

"பஸ்சுல வர்றோம்மா. தேனியில எறங்குவோம். பிள்ளை ரெண்டும் மேல தோட்டத்தப் பாக்கணும்னு நிக்குதுக. நீ வண்டிய எடுத்துட்டு வர்றியா? வந்தா அப்படியே மெட்டுக்கும் போயிரலாம்."

"யாரு ஓட்டுறது?"

"நீதான். வேற யாரு?"

எத்தனை பெட்டி என்று கேட்டேன். இரண்டாம். சரி, வருகிறேன், ஆனால் ஜொகராவும் வருவாள், மெட்டுக்குப் போனால் கூட்டிப்போவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"அப்ப நான் எங்கம்மா உக்காறது?"

"பின்னால. பிள்ளைகளோட."

"சரிம்மா" என்றான்.