பிணைச்சலைப் பார்க்காமல் வாங்கிய மடிக்கணினி

மதிப்புக்குரிய நண்பருக்கு,

வணக்கம். உமது மறைவுச் செய்தி எட்டி ஒன்றரை ஆண்டு கழிந்தபின் இம்மடலை வரைகிறேன். தாமதத்துக்கு மன்னிப்பைக் கோருகிறேன். இரங்கல் வாசகங்கள் எனக்குக் கைவராதவை என்பதை நீர் அறிவீர்.

விடுமுறைக்கு வந்திருக்கும் உமது மகள், விளையாட்டு மடிக்கணினி வாங்கவேண்டுமென்று நேற்று என்னை வெள்ளவத்தைக் கடையொன்றுக்கு அழைத்துப்போனாள். இயக்கிக் காட்டிய கணினியிலிருந்து சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனை எழுந்தது. உடனே உமது முகம் நினைவில் வந்தது. விசைப்பலகையில் எரியும் சிவப்பு விளக்கைக் கண்டதும் அறிவை அடகு வைத்த முகம்.

நாமிருவரும் வெள்ளவத்தையில் ஒரே கணினி திருத்தும் கடையில் வேலை பார்த்த போர்க்காலம் அது. முன்மேசையில் நீரும், உமது தலைக்கு மேல் சட்டமிட்ட டிப்ளோமாவும். பின்னறையில் நான். செத்த கணினிகளைக் கழற்றிக் கழற்றியே தொழில் கற்றவளுக்குச் சட்டமிட ஏதுமில்லை. சனி, ஞாயிறுகளில் நீர் திருமண வீடியோக்களைத் தொகுத்தீர். அதற்காகவே வலுவான கணினி வேண்டுமென்றீர். விளையாடத்தான் என்பது எனக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து நீர் வந்து சேர்வதற்குள் இரண்டு மூன்று இராணுவச் சாவடிகளில் பையைத் திறந்து, கணினியை இயக்கிக் காட்டவேண்டும். படம் தெரிந்தால் போகலாம். அவ்வாறு நாள்தோறும் திறந்து மூடப்படும் பொருளில், மூடியைத் தாங்கும் பிணைச்சலையே முதலில் பார்க்கவேண்டும் என்பதை உணர டிப்ளோமா தேவையில்லை.

நாம் வாங்கப்போன கடையில் இரண்டு இருந்தன. ஒன்று சாம்பல் நிறம், உலோக உடல், சற்று வேகம் குறைவு, விலை அதிகம். மற்றையது உமது சிவப்பு விளக்கு.

"ஐஞ்சு தரம் திறந்து மூடிப் பாரும்" என்றேன்.

"பிணைச்சலை வச்சோ அக்கா கேம் விளையாடுறது?" என்றீர். விற்பனையாளரும் சேர்ந்து சிரித்தார். "இதிலை கிராஃபிக்ஸ் தனியா இருக்கு மிஸ். விலையும் குறைவு."

திறனைக் கூட்டி விலையைக் குறைத்தவன் அந்தக் குறைவை எங்கே ஈடுகட்டினான் என்று நீரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உடலில்தான் ஈடுகட்டியிருந்தான். மூடியை ஒரு விரலால் அழுத்தினேன், பப்படம்போல் வளைந்தது.

மூன்றாம் மாதம் பிணைச்சல் வெடித்து, அதனூடே செல்லும் கம்பி அறுந்து, திரை இருண்டது. பக்கத்து அறையில் நான் இருக்க, என் வாய்க்குப் பயந்து அதை வேறொரு திருத்துநரிடம் கொண்டுபோனீர். வழியில் சாவடி. "மேக்க ஓன் கரன்ன" என்று சிங்களத்தில் இயக்கச் சொன்னான் சிப்பாய். இயக்கினீர். விசிறி இரைந்தது, பெட்டி கொதித்தது, படம் மட்டும் இல்லை. உமது வலுவான கணினி அவன் கண்ணுக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. சிப்பாய்கள் பின்வாங்கினர். நீர் கைகளை உயர்த்தி நின்றீராம்.

பொலிஸ் நிலையத்திலிருந்து கடைக்கு அழைப்பு வந்தது. கடையின் பழைய கனத்த மொனிட்டரை முச்சக்கரவண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் என் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதை இரண்டு தரம் வாசித்தார்கள். சுவரோர வாங்குப் பலகையில் குந்தியிருந்த நீர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மேக்க மொகக்த நங்கி?" என்றார் அதிகாரி. இது என்னவென்று கேட்கிறார். காட்டுகிறேன் என்று சிங்களத்தில் சொல்லி மொனிட்டர்க் கம்பியைக் கணினியில் பொருத்தினேன். அது இறுகியதும் கணினியை இயக்கினேன். மொனிட்டரில் மணப்பெண்ணொருத்தி குத்துவிளக்கேற்றினாள். அதிகாரி அந்தக் கல்யாணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உம்மைப் போகச் சொன்னார்.

திரும்பும் வழியில் நன்றி சொல்வீரென்று நினைத்தேன்.

"பாத்தனீங்களே அக்கா, படம் எவ்வளவு கிளியர். அதுதான் கிராஃபிக்ஸ்."

மொனிட்டரைத் தூக்கி உமது மடியில் வைத்தேன். பின்பு வெளிநாடு போனீர். ஒவ்வொரு வருடப்பிறப்புக்கும் தொலைபேசியில் புதுக் கணினியின் வேகத்தை அளந்தீர். பிணைச்சல் என்ற சொல் உமது வாயில் வரவே இல்லை.

நேற்று உமது மகள் விலையைக் கேட்கவில்லை, வேகத்தையும் கேட்கவில்லை. மூடியைப் பிடித்து ஐந்து தரம் திறந்து மூடினாள். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"இப்பிடித்தான் பாக்கோணுமெண்டு அப்பா சொன்னவர், அன்ரி. ஆர் சொல்லித்தந்ததெண்டு கேட்டா, ஒரு வாய்க்காரி எண்டு சிரிப்பார்."

அன்று கொண்டுவந்த மொனிட்டர்க் கம்பி இன்றும் என் கைப்பையில் இருக்கிறது. இப்போதைய கணினி எதிலும் அது பொருந்தாது. ஆயினும் வெளியே எடுத்து வைக்க மனம் வரவில்லை.

மகளிடம் சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? விரைந்து பதில் எழுதவும்.