ஆவணி வரைக்கும் பொறுத்துக்கோ

இன்று காலை கேம்ப் ரோட்டில் ஒரு மினி வேன் நிறையப் பூமரக் கன்றுகள். அக்னி வெயில் தாங்காமல் மேலே ஈரச் சாக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தச் சாக்கு வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், இப்படி ஒரு வண்டியில்தான் சரக்கொன்றைக் கன்று வாங்கினேன். அவருக்குப் பிடித்த பூ. நம் சேலையூர் அடுக்ககத்தின் வாசலில் அன்றைக்கே நட்டுவிடத் துடித்தேன். நீ இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி வந்து என் கையிலிருந்த கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாய்.

“இப்ப வேணாம்டி. இந்த வெயில்ல கருகிடும். ஆவணி வரைக்கும் பொறுத்துக்கோ.”

“என் புருஷனுக்காக வைக்கிற மரம். நாள் சொல்ல நீ யாரு?”

தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். “இதுவும் போச்சுன்னா நீ தாங்க மாட்டே” என்று மட்டும் சொல்லிவிட்டு, கன்றைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாய்.

மறுநாள் காலை ஆறரைக்கு வந்து நின்றாய். “தண்ணி ஊத்தணும், வா.” முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தேன். அதற்கடுத்த நாளும் விடவில்லை நீ. வாசற்படி தாண்டாமல் கிடந்தவள், சொம்பும் கையுமாகத் தினமும் உன் பால்கனிக்கு ஏறினேன். பிறகு காபி கொடுப்பாய். அவரைப் பற்றிப் பேசினால் கேட்பாய். பேசாவிட்டால் நீயும் பேசமாட்டாய்.

“கீழயே நிழல் இருக்கே, எதுக்கு இவ்ளோ மேல?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நீ படியேறணும்ல?” என்று சிரித்தாய்.

ஆவணியில் சாயங்கால மழை தொடங்கியதும் மேடு கட்டி நட்டோம். அடைமழைக் காலத்தில் வைத்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாமே என்றார் வாட்ச்மேன். “ஐப்பசியில நம்ம தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி நிக்கும்ணா. அதுக்குள்ள வேர் புடிச்சுக்கணும்” என்றாய். தண்ணீர் நின்றது, கன்று சாயவில்லை. போன வருஷம் நீ கண்ணை மூடியபோது அது முதல் மாடியைத் தாண்டிப் பூத்திருந்தது.

அன்று கத்தியதற்கு உன்னிடம் மன்னிப்பே கேட்கவில்லை நான். கேட்கும்படி நீ வைத்துக்கொள்ளவுமில்லை.

முதல் மாடிப் பெண்ணின் அம்மா போன வாரம் இறந்துவிட்டார். அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆறுதல் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. சாயங்காலம் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு போய் அவள் கதவைத் தட்டி, “தனியா ஆய முடியலம்மா, கொஞ்சம் வாயேன்” என்றேன். கீரையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். பிறகு உள்ளே தாழ்ப்பாள் விலகியது.